கலர் களிமண்ணும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயிலும்

சிமெண்டுக் களம் முழுவதும் கலர் கலராகக் கட்டிகள். சிவப்பு ஒரு வரிசை, மஞ்சள் ஒரு வரிசை, அப்புறம் பச்சை, நீலம், ஆரஞ்சு. ஒவ்வொன்றும் சோப்புக்கட்டி அளவு. ஒன்றோடொன்று ஒட்டிவிடாதபடி இடைவெளி விட்டு, நூல் பிடித்தது போல் அடுக்கியிருந்தது. மேலே வைகாசி மாதத்துச் சிவகாசி வெயில். அது எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள், அடுப்பில் இருக்கும் தோசைக்கல்லில் கையை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

களத்து ஓரத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பேச்சியம்மா நின்றாள். என் பைக் சத்தம் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீகளா பாய். நல்லவேளை, சாமி புண்ணியத்துல இன்னைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பாத்தேன். கவருக்குள்ள பூராம் வேர்த்துக் கெடந்துச்சு. நமத்துப்போன சரக்க நாளைக்கு எப்பிடி லோடு ஏத்துவீக? அதான் பிரிச்சுக் காயப் போட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒரு பாக்கெட் விடல. காலையிலருந்து நிக்கேன். ரெண்டு தடவ திருப்பிப் போட்டாச்சு."

ஒரு மஞ்சள் கட்டியை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல்தான் வலித்தது. தரையில் தட்டினேன். டொக் என்றது.

அது பள்ளிக்கூடப் பிள்ளைகள் யானையும் பூனையும் செய்து விளையாடுவதற்கான களிமண். ஈரம் இருக்கும்வரைதான் அதற்குக் களிமண் என்று பேர். ஈரம் போனால் எறிந்து மாங்காய் அடிக்கலாம்.

"நல்லாக் காஞ்சிருக்கா பாய்?"

"நல்லாக் காஞ்சிருச்சு பேச்சி" என்றேன். வியாபாரத்துக்கு வந்த நாளிலிருந்து நான் பேசிய உண்மைகள் கொஞ்சம். அதில் இது ஒன்று.

மைதா என்கிற மண்

போன வாரம், தீபாவளியை ஒருநாள் தள்ளி அச்சடித்துக் காலண்டர் போட்ட கதையை எழுதியிருந்தேன். வேறு ஊர்க்காரன் செய்திருந்தால் மன்னிக்கலாம். சிவகாசிப் பக்கத்தில் இருந்துகொண்டு தீபாவளியைத் தப்பாகப் போட்டவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். அதைப் படித்துவிட்டு என் மைத்துனர் போன் செய்தார். "மச்சான், நீங்க தோத்ததப் பூராம் எழுதுனா பத்திரிகைக்கு ஆயுசுக்கும் கவலையில்லையே" என்றார். அவர் வாழ்த்தினாரா வைதாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காலண்டர் கவிழ்ந்த பிறகு, நோட்டு, பென்சில், கிரேயான் என்று பள்ளிக்கூடச் சாமான்களை மொத்தமாக விற்றுக்கொண்டிருந்தேன். கொரோனா அடங்கிப் பள்ளிகள் திறந்த சமயம். வீட்டுக்குள் போன் பார்த்தே கிடந்த பிள்ளைகளுக்குக் கையில் ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்று டீச்சர்கள் கலர் களிமண் கேட்டு வந்தார்கள். அதெல்லாம் எங்கிருந்தோ வடக்கே இருந்து வரும் சரக்கு. டப்பாவைத் திறந்து பார்த்தேன். முகர்ந்து பார்த்தேன். யாரும் பார்க்காதபோது நுனிநாக்கில் வைத்தும் பார்த்தேன். உப்புக் கரித்தது.

மைதா, உப்பு, எண்ணெய், பலகாரத்துக்குப் போடும் கலர், ஈரம் காக்கக் கொஞ்சம் கிளிசரின். அவ்வளவுதான் விஷயம். பிள்ளை வாயில் போட்டாலும் வயிற்றுக்குக் கெடுதல் இல்லை. மண் ஒரு பிடி இல்லை, பேர் மட்டும் களிமண்.

வீட்டில் போய் என் திட்டத்தைச் சொன்னேன். என் மனைவி மைமூன் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"இந்த ஊர்ல இருக்குறவுக வெடி விக்காக, இல்லாட்டி பேப்பர் விக்காக. நீங்க மண்ணு விக்கப் போறீகளாக்கும்?"

"மண்ணு இல்ல மைமூன், மைதா."

"மைதான்னா புரோட்டாக் கடை போடுங்க. விக்காட்டி நாமளாவது திங்கலாம்."

அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இன்றைக்கு என் கல்லாவில் சால்னா மணம் அடித்துக்கொண்டிருக்கும்.

மாவு பிசையவும் நாலு பேர்

வெம்பக்கோட்டை போகிற வழியில் ஒரு ஷெட் வாடகைக்குக் கிடைத்தது. முன்பு அதில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னச் சின்ன அறைகள், முன்னால் வெயில் காய்கிற சிமெண்டுக் களம். வேலைக்கு வந்தவர்களும் பட்டாசு வேலை பார்த்த பெண்கள்தான். வேறு யார் இருக்கிறார்கள் இங்கே.

பேச்சியம்மாதான் முதலில் வந்தாள். அச்சங்குளம் பக்கம் ஒரு கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை பார்த்தவள். மருந்து என்றால் எங்கள் ஊரில் வெடிமருந்து. டாக்டர் கொடுப்பதற்கு மாத்திரை என்று பேர். ஒருநாள் வேலை நடக்கையில் நாலு அறை தள்ளி ஒரு அறை போய்விட்டது. வெடித்தது என்று சொல்ல மாட்டாள், 'போய்விட்டது' என்றுதான் அவள் சொல்வாள். பேச்சிக்கு ஒரு கீறல் இல்லை. எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, வீடுவரைக்கும் நடந்தே வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டில் தட்டு கீழே விழுந்தால்கூட வாசலுக்கு ஓடிவிடுகிறாள் என்று அவள் புருஷன் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். அவர் லாரியில் லோடு ஏற்றுகிறவர். சிரித்தாரே தவிர, கண் சிரிக்கவில்லை.

முதல் நாள் அவள் என்னிடம் கூலியைப் பற்றிக் கேட்கவில்லை. "இந்த வேல நிக்குமா பாய்?" என்றுதான் கேட்டாள்.

"ஏன் நிக்காம?"

"நின்னா நான் அங்கன திரும்பப் போக வேண்டியதில்ல. அதுக்குத்தான் கேட்டேன்."

நான் என் வழக்கப்படி நெஞ்சைத் தட்டி வாக்குக் கொடுத்தேன். காலண்டர்க் கதை அவள் காதுக்கு அதுவரை போயிருக்கவில்லை.

வேலை ஆரம்பித்த பிறகு எனக்குத் தினமும் வேடிக்கைதான்; பட்டாசுக் கம்பெனிப் பழக்கம் அவர்களை விடவில்லை. செருப்பைக் களத்துக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வருவார்கள். ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்கார மாட்டார்கள். ஐந்தாவதாக நான் நுழைந்தால் ஒருத்தி எழுந்து வெளியே போவாள். எல்லோரும் வாசலைப் பார்த்தே உட்கார்ந்து மாவு பிசைவார்கள். மாவு வழிக்க இரும்புக் கரண்டி வாங்கிக் கொடுத்தேன். பேச்சி அதை இரண்டு விரலால் பிடித்து, செத்த எலியைப் போல என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இரும்பு வேண்டாம் பாய். பொறி தட்டும்."

"மைதால எங்க இருந்து பொறி?"

"தட்டாது. தெரியும். ஆனா கை கேக்க மாட்டேங்குது."

மரக்கரண்டி வாங்கினேன். ஷெட்டுக்கு வெளியே மணல் வாளியும் தண்ணீர்த் தொட்டியும் அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் களிமண்ணை உருட்டுவதற்கான கட்டையும் வெட்டுவதற்கான மரக்கத்தியும் வந்து இறங்கியபோது, பெட்டியைத் தரையில் இழுக்காமல் நாலு பேர் சேர்ந்து, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கி வைத்தார்கள். நான் ஓரமாக நின்று சிரித்தேன். மைமூனிடம் போய் நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "பாவம்" என்றாள்.

புரோட்டா செய்த பிள்ளைகள்

விற்பதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெட்டி கொண்டு போனோம். பேச்சியும் கூட வந்தாள். அவள் பிசைந்த களிமண் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

மூன்றாம் வகுப்பு. டீச்சர் எல்லோர் கையிலும் ஒரு கட்டியும், ஒரு கட்டையும், ஒரு மரக்கத்தியும் கொடுத்துவிட்டு, "ஒங்களுக்குப் பிடிச்ச மிருகத்தச் செய்யுங்க" என்றார்.

வகுப்பே அமைதியாகிவிட்டது. சின்னச் சின்ன விரல்கள் அழுத்துகிற சத்தமும், உப்பும் எண்ணெயும் கலந்த மணமும்தான். கொஞ்ச நேரத்தில் முதல் பெஞ்சில் ஒருவன் கட்டியைத் தட்டி, இழுத்து, சுருட்டி, மறுபடியும் தட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலே, என்ன மிருகம்லே இது?" என்றேன்.

"புரோட்டா."

"புரோட்டா மிருகமா?"

"எனக்குப் பிடிச்சது அதான்."

விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த பிள்ளை வேறென்ன சொல்லும். பக்கத்தில் இருந்தவள் அதைக் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டுவிட்டு, "உப்புக் கூடிப்போச்சு" என்று தீர்ப்புச் சொன்னாள். பின்னால் ஒருத்தி ஆடு செய்திருந்தாள். அதற்கு நாலு காலும் நாலு நீளம். ஒரு பக்கம் சாய்ந்தபடியே அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பேச்சி அந்த ஆட்டை உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டாள். "நம்ம கையில செஞ்ச சரக்கு உருவமா நிக்கிறத இப்பத்தான் பாய் பாக்கேன்" என்றாள். "அங்கன செஞ்சதெல்லாம் வாங்குனவன் கொளுத்திட்டான்னா முடிஞ்சுது." ஆட்டின் குட்டைக் காலை விரலால் மெதுவாக இழுத்து நீட்டிவிட்டாள். அது நின்றது.

அந்தக் களிமண்ணைக் காட்டித்தான் மதுரைப் பக்கம் ஒரு தனியார் பள்ளி நிர்வாகத்தில் ஆர்டர் பிடித்தேன். அவர்களுக்குப் பல ஊர்களில் பள்ளிகள். சாமான் வாங்கும் மேனேஜர் என் முகவரியைப் பார்த்துவிட்டு, "சிவகாசிப் பக்கமா? வெடிக்காதுல்ல?" என்றார். ஆயிரம் தடவை கேட்ட ஜோக். ஆயிரத்தோராவது தடவையும் விழுந்து விழுந்து சிரித்தேன்; ஆர்டர் கொடுக்கிறவர் ஜோக்குக்குச் சிரிக்காதவன் வியாபாரி இல்லை. பள்ளி திறப்பதற்கு முன்னால் சரக்கு வந்துவிட வேண்டும், பிடித்திருந்தால் வருஷா வருஷம் நீங்கள்தான் என்றார்.

ஷெட்டில் வந்து சொன்னேன். பேச்சி பிசைவதை நிறுத்தினாள். மாவுக் கையோடு வாசல்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நிக்கும்" என்றாள்.

எங்கள் ஊருக்கு ஒரே எதிரி

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் நெருப்புக்குப் பயப்படுவார்கள், வாஸ்தவம்தான். ஆனால் நாள்தோறும் திட்டுவது ஈரத்தைத்தான். மருந்து காய வேண்டும், குழாய் காய வேண்டும், அச்சடித்த தாள் காய வேண்டும், தீப்பெட்டி காய வேண்டும். நமத்துப்போன சரக்கு என்றால் குடும்பத்துக்கே அவமானம். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள்கூட, பையன் விறுவிறுப்பு இல்லாமல் இருந்தால் 'நமத்த வெடி' என்பார்கள். என்னைப் பார்க்க வந்தபோதும் சொன்னதாக மைமூன் சொல்லியிருக்கிறாள்.

என் அத்தா பேப்பர் வியாபாரம் பார்த்தவர். சின்ன வயதில் ஒரு நாள், வீட்டு முற்றத்தில் தொட்டிலில் என் தம்பி. பக்கத்தில் இறக்கி வைத்த பேப்பர்க் கட்டு. திடீரென்று தூறல். அத்தா கடையிலிருந்து பறந்து வந்தார். தார்ப்பாயை எடுத்துப் பேப்பர்க் கட்டை மூடினார். நாலு மூலையிலும் கல் வைத்தார். பிறகுதான் தொட்டில் ஞாபகம் வந்தது. அம்மா அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. அத்தாவோ, "பிள்ள காஞ்சிரும், பேப்பர் காயுமா?" என்று கடைசிவரை நியாயம் பேசினார்.

இப்படிப்பட்ட ஊரில், காயக் கூடாத ஒரு பொருளை நான் செய்யக் கிளம்பினேன்.

பெட்டி கட்டி முடிந்தது சனிக்கிழமை. திங்கட்கிழமை லாரி. ஞாயிறு எல்லோருக்கும் லீவு. பேச்சியிடம் ஒரு சாவி இருந்தது. மனசு கேட்காமல் வந்து ஒரு பெட்டியைத் திறந்திருக்கிறாள். ஷெட்டுக்குள் இருந்த வெக்கையில் கவரின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்திருக்கிறது. அது களிமண் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம். அவள் கண்ணுக்கு அது தன் வேலை கைவிட்டுப் போவதற்கு அடையாளம். யாரைக் கேட்க வேண்டும் அதற்கு. பத்து வயதிலிருந்து தெரிந்த வைத்தியம், வெயில்.

மறுபடியும் அந்தக் களம்

என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. எதையும் மறைத்துப் பழகாத முகம் எனக்கு; சீட்டாட்டத்திலும் அதனால்தான் தோற்பேன். அவள் குனிந்து ஒரு பச்சைக் கட்டியை எடுத்தாள். அழுத்திப் பார்த்தாள். கட்டி விண்டு இரண்டானது. உள்ளேயும் மாவாக உதிர்ந்தது.

"இது காயக் கூடாதுல்ல" என்றாள், என்னிடம் கேட்பது போலவும் இல்லாமல், தனக்குத்தானே சொல்வது போலவும் இல்லாமல்.

"தண்ணி தெளிச்சுப் பெசஞ்சா சரியாயிரும்" என்றேன்.

மற்ற பெண்களுக்கு ஆள் அனுப்பினோம். எல்லோரும் சமையலைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். தண்ணீர் தெளித்துப் பிசைந்தோம்; மேலே வழவழப்பு, உள்ளே குறுணை. சுடுதண்ணீரில் ஊறப் போட்டோம், கஞ்சியாகப் போனது. ஒருத்தி இட்லிச் சட்டியில் வைத்து அவித்துப் பார்க்கலாம் என்றாள். அதையும் செய்தோம். மைமூன் வந்தாள். சேலையைச் சொருகிக்கொண்டு அவளும் உட்கார்ந்து பிசைந்தாள். வழக்கமான நக்கல் ஒன்றுகூட அவள் வாயிலிருந்து வரவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

சாயங்காலம் புளித்த வாடை எடுக்க ஆரம்பித்தது. சிவப்பும் பச்சையும் நீலமும் எங்கள் கை மாறி மாறிப் பட்டு ஒரே சாணி நிறமாகிவிட்டன. பேச்சி மட்டும் நிறுத்தவில்லை. கஞ்சியாகக் கிடந்ததை உருண்டை பிடித்தாள். உட்கார்ந்தது. மறுபடியும் பிடித்தாள். மறுபடியும் உட்கார்ந்தது.

"போதும் பேச்சி" என்று மைமூன் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கொஞ்சம் மாவு சேத்தா நிக்கும் அக்கா" என்றாள் பேச்சி.

மேனேஜருக்குப் போன் போட்டேன். பத்து நாள் தவணை கேட்டேன். பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்களே, அவர்கள் கையில் நான் எதைக் கொடுப்பது என்று அவர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. பழைய இடத்திலேயே வாங்கிக்கொண்டார். போனை வைப்பதற்கு முன், "வெடிக்கத்தான் செஞ்சிருச்சு போல" என்றார். அந்த ஒரு ஜோக்குக்கு மட்டும் என்னால் சிரிக்க முடியவில்லை.

வேறு பள்ளிகளுக்கு அலைந்தேன். பள்ளி திறந்த பிறகு யாரும் வாங்குவதில்லை. அடுத்த வருஷம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வருஷம் வரை ஷெட்டை வைத்திருக்க முடியவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகப் பட்டாசுக்குத் திரும்பினார்கள். கடைசியாகச் சாவியைக் கொடுத்தவள் பேச்சி. கூட்டிப் பெருக்கி, மணல் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"பேப்பர் ஒட்டுற எடத்துல கேட்டுப் பாரேன்" என்றேன்.

"கேட்டேன். ஆள் இருக்காம். மருந்து ரூம்லதான் காலியாம்."

ஏன் காலி என்று நான் கேட்கவில்லை. 

ஆவணியில் ஒரு காலை

இப்போது நான் மறுபடியும் பென்சிலும் நோட்டும் விற்கிறேன். காலையில் டீ குடிக்க பஸ் ஸ்டாப் பக்கம் போவேன். கம்பெனி வேனுக்காகப் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்பார்கள். பேச்சியும் நிற்பாள். ஒரு நாள் வானம் மூடிக் கிடந்தது. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாய், வானத்துல ஆர்டர் தேடுறீகளா?"

"மழ வருமான்னு பாக்கேன்."

"வந்தா?"

"வந்தா மருந்து காயாதுன்னு ரூமப் பூட்டிருவாகள்ல. நீ வீட்டுல இருக்கலாம்."

"இருக்கலாம். கூலிய நீங்க குடுப்பீகளா?"

நான் டீ கிளாஸை வாயில் வைத்தேன். குடிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"அப்ப நல்லா வெயில் அடிக்கட்டும்னு கேக்கட்டா?"

"சூடு கூடிப்போனாத்தான பாய் மருந்து தீப் புடிக்கும்." தோசை கருகும் என்று சொல்வது போல் சொன்னாள்.

"பெய்யட்டும்னும் கேக்கக் கூடாது, காயட்டும்னும் கேக்கக் கூடாது. நான் என்னத்தத்தான் துவா கேக்க?"

"ஒண்ணும் கேக்காதீக. நீங்க கேட்டுக் கெடச்ச ஆர்டர் போதாதாக்கும்?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேன் வந்தது. அவர்கள் ஏறிப் போனார்கள்.

அன்று மதியம் பள்ளிவாசலில் தொழுது முடித்துக் கையை ஏந்தினேன். பக்கத்தில் இருந்தவர் தன் துவாவை முடித்து, முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்து போனார். பின்வரிசையும் கலைந்தது. பாங்கு சொல்லும் மோதினார் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தார். ஏந்திய கையோடு நான் உட்கார்ந்திருந்தேன். பேச்சி சொன்னபடியே ஒன்றும் கேட்கவில்லை.